ரூத்திடம் மட்டும் கேட்ட கேள்வி

மார்ச் 5, செவ்வாய்

இன்று காலை ரூத்தின் மேசையில் யாரோ ஒரு மூக்கு வரைந்திருந்தார்கள். மூக்குக்குப் பின்னால் ஒரு மனிதன், தாடி, தொப்பி, கையில் காசுப்பை. படத்தில் பாதி மூக்குத்தான். யூதரைக் கேலிசெய்ய வரைகிற அதே பழைய படம், கறுப்பு மார்க்கரில். அசற்றோன் ஊற்றித் துடைத்தேன். எங்கள் பத்தாம் வகுப்புப் பொடியன்களிடம் நீரின் சூத்திரம் கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். இந்த மூக்கை மட்டும் யார் படிப்பித்தார்களோ, ஒரு வளைவு பிசகாமல் வரைந்திருக்கிறார்கள்.

ரூத் வருவதற்குள் துடைத்துவிடலாம் என்று பார்த்தேன். அவள் ஏற்கெனவே கதவடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"விடும் மலர். என்ர மூக்கைவிட வடிவாத்தான் கீறியிருக்கிறாங்கள்" என்றாள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கதைப்பது இங்கிலிஷில். எனக்கு அதை என் தமிழில்தான் எழுத வரும். லண்டன்காரர் எல்லோரும் யாழ்ப்பாணத்தார் போலக் கதைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ரூத் யூதப் பெண், இரசாயன ஆசிரியை. நான் ஆய்வுகூட உதவியாள். ஊரில் நானும் ஆசிரியைதான், உயிரியல். இங்கே பீக்கர் கழுவுகிறேன். கழுவுகிற பீக்கர்களில் முக்கால்வாசி ரூத் அப்படியே போட்டுவிட்டுப் போனவை. படித்த பெண், பீக்கர் கழுவத் தெரியாது. இடைவேளைகளில் இருவரும் ஆயத்த அறையில் தேநீர் குடிப்போம். அமிலங்கள் இருக்கும் அறையில் தேநீர் குடிப்பது சட்டவிரோதம். அந்தச் சட்டத்தை எழுதினவர் எங்கள் ஆசிரியர் அறைத் தேநீரைக் குடித்திருக்க மாட்டார்.

மார்ச் 7, வியாழன்

கொலின் ஒரு மனு கொண்டுவந்தான். புவியியல் ஆசிரியன், ஆசிரியர் சங்கப் பிரதிநிதி. கழுத்தில் எப்போதும் ஒரு பாலஸ்தீனச் சால்வை. சனிக்கிழமை தவறாமல் ஊர்வலத்துக்குப் போவான். காசாவில் போரை நிறுத்து, இஸ்ரேலுக்கு ஆயுதம் விற்காதே என்று எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதியிருந்தான். முதல் கையெழுத்து அவனுடையது, இரண்டாவது என்னுடையது.

யோசிக்க என்ன இருக்கிறது? தொலைபேசியைத் திறந்தால் தறப்பாள் கூடாரம், மரக்கிளையில் தொங்கும் சேலைன் போத்தல், துணியில் சுற்றின பிள்ளை. முகங்களை மாற்றினால் போர்க்கால வன்னி. தொலைக்காட்சியில் கழுத்துப்பட்டி கட்டின ஒருவர் வந்து, இஸ்ரேலைக் குறை சொல்வதெல்லாம் யூத வெறுப்பு என்கிறார். எங்களுக்கு இது பழகின பாட்டு. இலங்கை அரசைக் குறை சொன்னால் புலி. புலியைக் குறை சொன்னால் துரோகி. குண்டு போடுகிறவனைத் தவிர மற்ற எல்லோர் மனதிலும் வெறுப்பைத் தேடுவார்கள்.

ரூத் கையெழுத்து வைக்கவில்லை. கொலின் அவளிடம் இரண்டாம் தரமும் போனான். விளையாட்டு ஆசிரியர் தெரன்ஸும் வைக்கவில்லை. அவரிடம் ஒருதரம்தான் கேட்டான்.

சலவை இயந்திரம் மறுபடியும் தண்ணீர் கக்குகிறது.

மார்ச் 12, செவ்வாய்

ஆசிரியர் கூட்டம். ஜூனில் வரும் அகதிகள் வாரத்தை இந்தப் பள்ளியில் தொடங்கினவள் ரூத். அவளுடைய தகப்பன், யூதர்களை வேட்டையாடிய காலத்தில், சின்ன வயதில் தனியாக ரயிலேறி வியன்னாவிலிருந்து வந்த பிள்ளை. வருடா வருடம் அவள்தான் நடத்துவாள். இன்று கொலின் எழுந்து நின்றான்.

"ரூத், உங்களில எனக்குக் கோவமில்லை. ஆனா அகதிகள் வாரத்தை நடத்திற ஆள் இந்த விசயத்தில எங்க நிக்கிறா எண்டு பிள்ளையளுக்குத் தெரியவேணும்."

"தெரன்ஸும் கையெழுத்து வைக்கேல்லை. அவர் எங்க நிக்கிறார்?"

"தெரன்ஸ் விளையாட்டு வாத்தியார்."

"நான் இரசாயன வாத்தியார்."

யாரோ சிரித்தார்கள். கொலினின் காது சிவந்தது. "உங்களுக்கு இஸ்ரேலில சொந்தக்காரர் இருக்கினம்."

"ஓம். தங்கச்சி ஹைபாவில இருக்கிறா. அதுக்கு?"

அதற்கு அவன் கையில் ஒரு தீர்மானம் இருந்தது. ரூத் தன் நிலைப்பாட்டை எழுத்தில் தரும்வரை அகதிகள் வாரத்தை வேறொருவர் நடத்துவது. கை உயர்த்தச் சொன்னான். கைகள் உயர்ந்தன. என்னுடையதும். தோள்மூட்டு வலி இருப்பதால் பாதி உயரம்தான் போனது.

ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். ரூத்துக்குப் பிடிவாதம்.

மார்ச் 14, வியாழன்

ரூத் தேநீருக்கு வரவில்லை. பழக்கதோசத்தில் இரண்டு கோப்பை போட்டுவிட்டேன். ஒன்றைத் தொட்டியில் ஊற்றினேன். அமைதியாகக் குடிப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 23, சனி

மத்தியானம் சற்குணம் அண்ணை வந்தார். எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத் தலைவர். அந்தக் கதிரையில் அவர் இருக்கத் தொடங்கியபோது என் மகள் ஆரணி பால்குடி. இப்போது அவள் பல்கலைக்கழகம் போகிறாள், அவர் இன்னும் எழும்பவில்லை.

"ரீச்சர், மே பதினெட்டு நினைவுநாளுக்கு நீங்கள் பேசவேணும். தம்பியைக் கிபிர் விமானம் அடிச்சதைப் பற்றி. சனம் உருகவேணும்."

சம்மதித்தேன். இத்தனை வருடத்தில் தம்பியைப் பற்றி நான் எந்த மேடையிலும் பேசியதில்லை. அவன் வன்னியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவன். போராளி இல்லை. போர் முடிவதற்கு முந்தின வருடம் கடையோடு போனான்.

ஆரணி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அங்கிள், காசாவையும் சேர்த்துப் பேசலாம்தானே? கிபிரை வித்தது இஸ்ரேல். அங்க போடுறதும் அவங்கள்."

சற்குணம் அண்ணை கோப்பையை வைத்துவிட்டார். "ஐயோ பிள்ளை, இஸ்ரேலின்ர பேரே வேண்டாம். யூதரைப் பார், நாடில்லாம அலைஞ்சு கடைசியில பிடிச்சிட்டினம். நாங்களும் அப்பிடி வரவேணும். அதோட, உலகத்தில காசு, பேப்பர், அமெரிக்கா எல்லாம் அவையின்ர கையிலதான். அவையோட பகைச்சா எங்களுக்கு ஒருநாளும் நாடு வராது."

"அப்ப கிபிர்?"

"கிபிர் எண்டு சொல்லலாம். அது எங்கயிருந்து வந்தது எண்டு ஏன் சொல்லுவான்? நகரசபை உறுப்பினரும் வாறார்."

ஆரணி கதவை அறைந்துகொண்டு மேலே போனாள். நான் மனதுக்குள் சிரித்தேன். மேசையில் அந்த மூக்கை வரைந்த பொடியனும் சற்குணம் அண்ணையும் யூதரைப் பற்றி நம்புவது ஒரே கதை. அவன் அதற்காகத் திட்டுகிறான், இவர் அதற்காகக் கும்பிடுகிறார்.

மார்ச் 27, புதன்

ரூத் செப்பு சல்பேற்று எடுக்க வந்தாள். என்னைப் பார்க்காமல் அலுமாரியைத் துழாவினாள். ஒரு மேசை அகலத்தில் நின்றுகொண்டு எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பது?

"நீர் ஒரு கையெழுத்து வைச்சிருக்கலாம்" என்றேன்.

"எல்லாரிட்டையும் இப்பிடிக் கேட்டிருந்தா வைச்சிருப்பன்." திரும்பி நின்றாள். "அந்த அரசாங்கம் செய்யிறதைப் பாத்து வெக்கப்படுறன் மலர். தங்கச்சியோட ஒவ்வொரு கிழமையும் சண்டை. போன ஒக்டோபர் தாக்குதலில, பாட்டுக் கச்சேரிக்குப் போன அவளின்ர பக்கத்து வீட்டுப் பொடியனைச் சுட்டுப்போட்டாங்கள். அதுக்குப் பிறகு காசாப் பிள்ளையளைப் பற்றி அவளோட ஒரு சொல் கதைக்கேலாது. இதையெல்லாம் நான் ஏன் கொலினுக்கு எழுதிக் குடுக்கவேணும்? யூதச்சியாப் பிறந்ததுக்கு விடைத்தாளோ?"

நியாயம்தான் என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வேறு வந்தது.

"என்ர தம்பியைச் சாகடிச்சது உங்கட கிபிர்."

"எங்கட என்ன?"

"கிபிர். போர் விமானம். இஸ்ரேல் செய்து இலங்கைக்கு வித்தது."

அவள் முகம் வெளுத்தது. தம்பி செத்ததை அவளுக்குச் சொல்லியிருந்தேன். எதனால் என்று சொன்னதில்லை.

"எனக்குச் சரியான கவலை" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "ஆனா, 'எங்கட' எண்டு சொல்லாதையும். நான் லீட்ஸில பிறந்தனான். உங்கட அரசாங்கத்துக்கு விமானம் வித்தது அவை மட்டுமோ? எத்தினை நாடு வித்திருக்கும்! ஏன் எப்பவும் அந்த ஒரு பேர்தான் எல்லாரின்ர வாயிலயும் வருது? அதைக் கேக்கேக்க எனக்கு அந்த மூக்குத்தான் தெரியுது."

"செத்தவனுக்கு அக்கா நான். என்ர வாயில என்ன பேர் வரவேணும் எண்டு நீர் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்."

போய்விட்டாள். செப்பு சல்பேற்றை எடுக்க மறந்துவிட்டாள். அதை நான்தான் வகுப்புக்குக் கொண்டுபோய் வைத்தேன், அது என் வேலை என்பதால்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. 'உங்கட' என்பது பேச்சுவழக்கு.

ஏப்ரல் 6, சனி

ஈஸ்டர் விடுமுறை. பேச்சு எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்போது நான் லண்டனில். தெரிந்ததெல்லாம் தொலைபேசியில் அழுதவர்கள் சொன்னது. அதனால் தம்பியின் மனைவி பிரமிளாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முல்லைத்தீவில் இருக்கிறாள்.

"பிரமிளா, அண்டைக்குக் கிபிர் எந்தப் பக்கத்தால வந்தது?"

"கிபிரோ? அது மிக் எல்லோ மச்சாள்."

"என்ன மிக்?"

"மிக் எண்டு இன்னொரு பிளேன். கிபிர் வேற சத்தம். ரெண்டும் மாறி மாறி அடிச்சதால எங்களுக்குச் சத்தத்தில தெரியும். சனம் வாய்ச்சுகத்துக்கு எல்லாத்தையும் கிபிர் எண்டுதான் சொல்லும். கடைக்கு அடிச்சது மிக்தான். நான் பாத்தனான்."

"ஏன் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே. என்னத்தால அடிச்சாலென்ன மச்சாள். ஆள் இல்லை."

பிறகு என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

சீலா மீன் வாங்கினேன். குழம்பில் உப்புக் கூடிவிட்டது.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஆரணியிடம் சொன்னேன். உடனே கணினியைத் திறந்து தேடினாள். இப்போதைய பிள்ளைகளுக்குச் சாவுச்செய்தி சொன்னாலும் முதலில் கணினியைத்தான் திறப்பார்கள்.

"இலங்கை அந்த மிக் விமானங்களை உக்ரேனிட்டை வாங்கியிருக்கு அம்மா."

"உக்ரேனிட்டையோ?"

"ஓம். ஆனா பேச்சில கிபிர் எண்டே இருக்கட்டும். கிபிரும்தானே சனத்தைச் சாகடிச்சது. மாமாவுக்கு எது எண்டு ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"உக்ரேன் எண்டு சொன்னா சனம் குழம்பும். அவை பாவம், அவைக்கும் இப்ப குண்டு விழுது."

"ஓம். பாவம்தான்" என்றேன்.

உக்ரேனில் போர் தொடங்கிய வருடம் ரூத் பள்ளியில் உடுப்புச் சேர்த்தபோது, என் சிவப்புக் குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கொடுத்தவள் நான். நல்ல சட்டை. அதற்குப் பிறகு வாங்கினது ஒன்றும் அதுபோல் இல்லை.

ஏப்ரல் 17, புதன்

பள்ளி திறந்து மூன்றாம் நாள். ஒக்சானா எனக்கு எதிரே சாப்பிட்டாள். கார்கிவ் நகரத்திலிருந்து சின்ன மகளோடு வந்தவள், வகுப்பறை உதவியாளாக வேலை செய்கிறாள். அதிகம் கதைக்க மாட்டாள்.

நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபம் வருகிறதா என்று பார்த்தேன். உண்மையாகவே முயன்று பார்த்தேன். உங்கட மிக், உங்கட மிக் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவள் முட்டை சாண்ட்விச்சின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டில் வைத்தாள். அதில் கோபப்பட என்ன இருக்கிறது? அவளா விற்றாள்?

அதற்கு மேல் யோசிக்கவிடாமல் மணி அடித்துவிட்டது.

ஏப்ரல் 25, வியாழன்

ஆசிரியர் கூட்டம். அகதிகள் வாரத்தைத் தானே நடத்தப்போவதாகக் கொலின் அறிவித்தான். தொடக்கநாளில் ஒக்சானா பிள்ளைகளுக்குப் பேசுவாளாம். எல்லோரும் கைதட்டினார்கள். ரூத் கடைசி வரிசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

நான் கை உயர்த்தினேன். தோள் வலித்தது.

"ஒக்சானாவிட்டை எழுத்தில வாங்கியாச்சோ?"

"என்னத்தை மலர்?"

"அவ எங்க நிக்கிறா எண்டதை. அவவின்ர நாடு இலங்கைக்கு மிக் விமானம் வித்தது. அதில ஒண்டு போட்ட குண்டிலதான் என்ர தம்பி செத்தவன். பிள்ளையளுக்குத் தெரியவேணும்தானே?"

கொலின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பிறகு போட்டான்.

"உங்கட தம்பிக்கு நடந்ததுக்கு மனம் வருந்திறன். ஆனா அதுக்கும் ஒக்சானாவுக்கும் என்ன சம்பந்தம்? அந்த நேரம் அவ பள்ளிக்கூடப் பிள்ளையா இருந்திருப்பா. அவவிட்டை விளக்கம் கேக்கிறது அநியாயம்."

"ஓம், அநியாயம். இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்கோ. பின்வரிசையில ரூத்துக்குக் கேட்டிருக்காது."

"அது வேற."

"எப்பிடி வேற?"

விளக்கத் தொடங்கினான். அரசியல் சூழல், அதிகாரம், மௌனத்தின் பொருள். அவனுடைய சொற்கள் எல்லாம் நல்ல சொற்கள். எந்த வசனமும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. நான் இடைமறித்தேன்.

"மனுவில கையெழுத்து வைச்சனான் கொலின். திருப்பிக் கொண்டுவாங்கோ, திருப்பியும் வைப்பன். காசாவில நடக்கிறது கொலை. அதை அந்த அரசாங்கத்திட்டைக் கேளுங்கோ. ரூத்திட்டை ஏன் கேக்கிறீங்கள்?"

கூட்டம் ஒரு முடிவும் எடுக்காமல் கலைந்தது. வீட்டுக்கு வந்து புட்டு அவித்தேன். மனம் நன்றாக இருந்தது. கொலினின் முகத்தை நினைத்து இரண்டு தரம் சிரித்தேன்.

நடுவில் ஒக்சானா எழுந்து போய்விட்டாள் போல. அவள் கதிரை காலியாக இருந்தது.

ஏப்ரல் 26, வெள்ளி

இடைவேளைக்கு ரூத் ஆயத்த அறைக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் இருக்கவில்லை.

"அந்தப் பிள்ளை ஒக்சானா கழிவறைக்குள்ள இருந்து அழுதது. தெரியுமோ?"

"நான் அவளைக் குறை சொல்லேல்லை. ஒரு உதாரணத்துக்குச் சொன்னனான்."

"கொலினுக்கும் நான் உதாரணம்தான்." கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "எனக்கு ஆதரவாக் கதைக்க உமக்கு இன்னொரு ஆளைத் தூக்கி எறியவேண்டியிருந்ததோ? அதோட, மார்ச்சில நீரும் கை உயர்த்தினனீர்."

"பாதிதான்."

சொன்ன பிறகு எனக்கே கேவலமாக இருந்தது. ரூத் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை. கதிரையில் விழுந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அது சிரிப்பாக இல்லை. நான் கேத்திலைப் போட்டேன்.

தேநீர் குடிக்கும்போது கேட்டாள். "இனி இஸ்ரேலை விட்டிடுவீரோ?"

"ஏன் விடவேணும்? என்ர தம்பியை மிக் அடிச்சா, கிபிர் அடிச்ச சனம் உயிரோட எழும்பி வந்திடுமோ? பதினெட்டாம் திகதி மேடையில எல்லாரின்ர பேரையும் சொல்லத்தான் போறன்."

"நான் வந்து இருந்து கேப்பன்."

"உமக்குத் தமிழ் விளங்காது."

"தொனி விளங்கும்" என்றாள். பீக்கரைப் போலக் கோப்பையையும் கழுவாமல் வைத்துவிட்டுப் போனாள்.

மே 1, புதன்

ஒக்சானாவோடு கதைக்கப் போனேன். என்னைக் கண்டதும் ஒளிநகல் இயந்திரத்தில் அவளுக்கு அவசர வேலை வந்துவிட்டது. நேற்றும் இப்படித்தான்.

மே 11, சனி

சற்குணம் அண்ணை தொலைபேசி எடுத்தார். மிக் விசயத்தை ஆரணி உளறியிருக்கிறாள். மனிதருக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"நல்லதாப் போச்சு ரீச்சர்! அப்ப கிபிரை விட்டிட்டு மிக்கை மட்டும் சொல்லுங்கோ."

"சரி. உக்ரேன் வித்தது எண்டு சொல்லுறன்."

"உக்ரேனோ... இஞ்ச இப்ப அவைக்கு நல்ல பேர். நகரசபை வாசலிலயே அவையின்ர கொடி பறந்தது. ஒரு நாட்டின்ர பேரும் வேண்டாம். 'எதிரி விமானம்' எண்டு சொன்னாப் போதும்."

ஒரு நாடும் செய்யாத, ஒருவரும் விற்காத, ஒருவரும் ஓட்டாத விமானம். அதில்தான் சற்குணம் அண்ணை தமிழீழத்துக்குப் போய் இறங்கப்போகிறார்.

மே 18, சனி

மண்டபம் நிறைந்திருந்தது. சுடர் ஏற்றினார்கள். நகரசபை உறுப்பினர் எங்கள் துயரத்தில் பங்கெடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். சற்குணம் அண்ணை என்னை மேடைக்கு அழைத்தார். தம்பியின் பெயரைப் பிழையாகச் சொன்னார். ரூத் பின்வரிசையில் ஆரணிக்குப் பக்கத்தில் இருந்தாள். போட்டிருந்தது அவளிடம் இருந்த ஒரே கறுப்பு உடுப்பு, இறுதிச்சடங்குக்குப் போடுவது. பொருத்தமாகத்தான் இருந்தது.

எழுதிக்கொண்டுபோனதை வாசிக்கவில்லை. கண்ணாடியை மறந்துபோனேன். பிரமிளா சொன்னதைச் சொன்னேன். கடையை, சைக்கிள்களை, சத்தத்தில் விமானம் பிரித்தறிந்த சனத்தைச் சொன்னேன். கிபிரை இஸ்ரேல் விற்றது, மிக்கை உக்ரேன் விற்றது, சீனாவும் விற்றது, விமானத்தை ஓட்டியதும் ஏவியதும் இலங்கை அரசு என்று சொன்னேன். காசாவில் இன்று பிள்ளைகளின் மேல் விழுவதையும் சொன்னேன். சற்குணம் அண்ணை மேடையோரம் வந்து மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார்.

அப்போது நடு வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். "எல்லாம் யூதன்ர வேலை! அவன்தான் எல்லாத்துக்கும் பின்னால!"

சிலர் கைதட்டினார்கள். மைக்கைக் கிட்ட இழுத்தேன்.

"ஆர் அண்ணை கத்தினது? எழும்புங்கோ. எந்த யூதன்? பேரைச் சொல்லுங்கோ."

அவர் பாதி எழுந்தார். "பொதுவாச் சொன்னனான்."

"பொதுவாத்தான் எங்களையும் அடிச்சவங்கள். தமிழன் எண்டாப் புலி எண்டு. வெலிக்கடைச் சிறையில, எண்பத்திமூண்டுக் கலவரத்தில கொழும்பு றோட்டில, உங்களை ஆரும் பேர் கேட்டு அடிச்சவங்களோ? ஒரு அரசாங்கத்தைத் திட்டுறதெண்டா அரசாங்கம் எண்டு சொல்லித் திட்டுங்கோ, நானும் சேந்து திட்டுறன். சனத்தைத் திட்டுறதெண்டா என்ர தம்பியின்ர பேரில வேண்டாம். இருங்கோ."

அவர் உட்கார்ந்தார். கைதட்டு ஒன்றும் வரவில்லை. நான் இறங்கும்போது மைக் நின்றுவிட்டது. தானாக நின்றதா என்று தெரியாது. அடுத்த வருடம் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

காரில் ரூத் கேட்டாள். "அந்த மனுசன் என்ன சொன்னவர்?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். "எல்லாம் யூதன்ர வேலை எண்டு."

யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீர்?"

"பேர் கேட்டனான்."

வீட்டடியில் இறங்கும்போது, "காசாவையும் சொன்னீர்தானே, அந்தச் சொல் விளங்கினது" என்றாள். "சொன்னனான்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் எதை ஏற்றுக்கொண்டாள், எதை ஏற்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

மே 20, திங்கள்

தீர்மானத்தைக் கொலின் மீளப் பெற்றுக்கொள்கிறானாம். பலகையில் ஒட்டியிருந்தான், 'செயல்முறைக் காரணங்களுக்காக' என்று. மன்னிப்பு என்ற சொல்லை எழுத மை போதவில்லை போலும். ரூத் வாசித்துவிட்டு, இந்த வருடம் கொலினே நடத்தட்டும், தனக்கு அலுத்துவிட்டது என்றாள்.

மத்தியானம் குழாயடியில் நின்றபோது ஆயத்த அறைக் கதவைத் தட்டினார்கள். இந்தப் பள்ளியில் என் கதவை யாரும் தட்டுவதில்லை. ஒக்சானா.

நான் முந்திக்கொண்டேன். "அண்டைக்கு உம்மை இழுத்தது பிழை. கொலினை அடிக்கிறதுக்கு உம்மை எடுத்தனான். மன்னிக்கவேணும்."

அவள் இங்கிலிஷைத் தேடித் தேடிக் கதைப்பவள். "நான் வீட்டை போய்த் தேடிப் பாத்தனான்" என்றாள். "உண்மைதான். வித்திருக்கினம். எனக்கு முந்தித் தெரியாது. எங்கட அடுக்குமாடியிலயும் பிளேன்தான் குண்டு போட்டது. அந்தப் பிளேனை ஆர் செய்தது எண்டு நான் ஒவ்வொரு நாளும் யோசிப்பன்."

குழாயை மூட மறந்திருந்தேன். மூடினேன்.

"அவருக்குப் பேர் என்ன?" என்று கேட்டாள்.

"ஆருக்கு?"

"உங்கட தம்பிக்கு."

கொலின் மனம் வருந்தினான். ரூத் வாதாடினாள். சற்குணம் அண்ணை பிழையாகச் சொன்னார். நானே இவ்வளவு நாளும் இதில் தம்பி, தம்பி என்றுதான் எழுதியிருக்கிறேன்.

"கேதீஸ்வரன்" என்றேன்.

"கெத்தி..."

"இல்லை. கே. நீட்டிச் சொல்லவேணும். கேதீஸ்வரன்."

"கேட்டிஸ்..."

மணி அடித்தது. அவள் போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டேன், இருந்தாள். மறுபடியும் முயன்றாள், மறுபடியும் பிழை. நான் மறுபடியும் சொல்லிக்கொடுத்தேன்.